பெட்டை விழுகிற சேவல்

முட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தான்: "உண்பதற்கு மட்டும். குஞ்சு பொரிக்க வைக்கக் கூடாது." நம் ஆட்களிடம் ஒன்றைச் செய்யாதே என்று எழுதிக் கொடுத்தால் போதும், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நானும் அந்த ஜாதிதான். தேனி பைபாஸ் சூப்பர் மார்க்கெட்டில் ஏசி ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் அதைப் படித்தேன். படித்த நிமிஷமே கை துறுதுறுவென்றது.

"இதுல அப்படி என்ன விசேஷம்?" என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

"உயிர் முட்டை அண்ணே. சேவல் சேர்ந்து போட்டது. உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்றாங்க."

"யாரு வாங்குறா?"

"யாரும் வாங்குறதில்ல. ஆனா மாசாமாசம் அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க."

அந்த வார்த்தையிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் மண்டைக்குள் அப்போது என் மதினி மட்டும்தான் இருந்தாள்.

மதினி பெயர் சிவரஞ்சனி. என் அண்ணன் ராஜ்பாண்டியின் மனைவி. அண்ணன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, மலையடிவாரத்தில் ஊத்தாம்பாறையில் தனியாக நாற்பது நாட்டுக்கோழி வைத்துப் பிழைத்தாள். யாரிடமும் கை நீட்டாத பிறவி. நான் அந்த முட்டையைப் பார்ப்பதற்கு முந்தின வருஷம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. முதலில் வந்தது அவள் கூண்டில். நாலே நாளில் சேவல் அத்தனையும் செத்து விழுந்தன, பெட்டையில் ஏழு மட்டும் தப்பின. அங்கிருந்து நோய் ஊருக்கும் பரவியது. அதோடு ஊர் அவளை ஒதுக்கிவிட்டது. சண்டை கிடையாது, ஏச்சு கிடையாது. அவள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் கொஞ்சம் தள்ளிப் போகும். நோய் வீட்டுக்காரி என்று பெயரே விழுந்துவிட்டது.

ஏழு பெட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேவல் வேண்டும். எங்கள் பக்கத்தில் சேவல் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரு வீட்டுச் சேவல் பத்து வீட்டுக்குப் போகும், வரும், யாரும் அதற்கு ஒரு பைசா வாங்க மாட்டார்கள். அப்படியிருந்தும் மதினிக்கு ஒருவரும் தரவில்லை. மலைக்கு மேலே மேல்காடு என்று முப்பது வீட்டுக் குடியிருப்பு, நோய் எட்டாத இடம், அங்கே நாலு நல்ல சேவல் இருந்தன. மதினி ரெண்டு மணி நேரம் ஏறிப் போய்க் கேட்டாள். குருவம்மா என்ற பொம்பளை படலைக்கூடத் திறக்காமல், "ஒன் வீட்டுக்கு வந்த சேவல் திரும்பி உசுரோட வருமா? போத்தா," என்று அனுப்பிவிட்டாள்.

"சந்தையில வாங்கலாமே மதினி," என்றேன், விவரம் தெரியாமல்.

"எந்தச் சந்தையில தம்பி சேவல் இருக்கு?"

அதுவும் சரிதான். முன்பெல்லாம் பண்ணைகளில் சேவல் குஞ்சு பிறந்தால் அன்றைக்கே மிஷினில் போட்டு அரைத்துவிடுவார்கள், முட்டை இடாத உயிருக்கு எதற்குத் தீனி என்று. அந்த வீடியோ வெளியே வந்து ஊர் உலகமெல்லாம் கண்ணீர் விட்டது. உடனே முட்டைப் பண்ணைக் கம்பெனியின் விஞ்ஞானிகள் கோழியின் கருவிலேயே ஒரு திருத்தம் செய்தார்கள். கம்பெனிக் கோழியின் முட்டையில் சேவலாகப் போகிற கரு மூன்றாம் நாளே நின்றுவிடும், பெட்டை மட்டும்தான் பொரிக்கும். பாவமும் இல்லை, தீனிச் செலவும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பதினாலு வருஷத்தில் சந்தையில் சேவல் என்கிற சாமானே இல்லாமல் போனது. சினை முட்டைக்கான சேவல்கள் கம்பெனிக்குள்ளே பூட்டு போட்டு இருக்கின்றன என்று கேள்வி.

ஆக, அதே கம்பெனியின் பெட்டிக்கு உயிர் முட்டை என்ற பெயரைக் கேட்டதும் என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆயிரத்தில் ஒன்று தப்பாமலா போகும்? எந்தக் கம்பெனிச் சாமானில் பழுது இல்லை? பழுதை நம்பிப் பிழைக்கிறவன்தானே மெக்கானிக்.

இருபத்தொரு முட்டை வாங்கினேன். அடை வைத்தால் ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். மீன் வண்டிக்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி, பழைய ஏசியிலிருந்து கழற்றிய ஹீட்டர் கம்பி, சின்ன ஃபேன், சூட்டை அளந்து தானே அணைந்து எரிகிற ஸ்விட்சு. முப்பத்தேழரை டிகிரி, ஒரு கிண்ணம் தண்ணீர். இவ்வளவுதான் அடைக்கோழி. மதினி போனில், "உள்ள ஒரு இரும்பு ஆணி போட்டு வை தம்பி, இடி இடிச்சா கூமுட்டையாயிரும்," என்றாள். டிப்ளமா படித்தவன் நான். போட்டு வைத்தேன்.

முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், சாயந்திரம் மூன்று தடவை திருப்பிவிட வேண்டும். வேலைக்குப் போகிற இடத்துக்கெல்லாம் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். கஸ்டமர் வீட்டில் பிளக் பாயிண்ட் கேட்டால், "ஏசிக்கா?" என்பார்கள். "இல்லைங்க, முட்டைக்கு" என்பேன். ஏழாம் நாள் போன் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்பதில் சின்ன ரத்த வளையம் கட்டி, நின்று போயிருந்தது. அவையெல்லாம் சேவலாகப் போன கரு என்று புரிந்தது. அவற்றை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். மீதி ஒன்பதில் நரம்பு ஓடியது.

இருபத்தோராம் நாள் காலையில் ஓடு தட்டுகிற சத்தம். மத்தியானத்துக்குள் ஒன்பதும் வெளியே வந்து ஈரத்தோடு தள்ளாடின. ஒரு மாசம் வளர்த்து ஊத்தாம்பாறைக்குக் கொண்டுபோய் விட்டேன். "ஒன்பதும் பெட்டையாத்தான் இருக்கும் மதினி, ஆசை வைக்காத" என்று சொல்லித்தான் விட்டேன்.

ஆறாவது வாரம் போன் வந்தது. மதினிதான். "தம்பி, ஒண்ணுக்கு மட்டும் கொண்டை செவக்குது. காலைல தொண்டையத் தொறந்து என்னமோ செஞ்சு பார்க்குது," என்று சொல்லிவிட்டு அழுதாள். அண்ணன் காரியத்தன்றுகூட என் எதிரில் அழாதவள். நானும் பைக்கை ஓரம் கட்டிவிட்டு அழுதேன்.

அந்தச் சேவல் வளர்ந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமாக, முழங்கால் உயரம், நடக்கும்போது வாசலே அவனுடையது என்கிற மாதிரி நடை. மதினியின் ஏழு பெட்டையும் முட்டையிட்டு அடை உட்கார்ந்தன. பாதி முட்டை பொரிக்கவில்லை. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றாள். பொரித்தவை மொத்தம் முப்பத்தாறு. முப்பத்தாறும் பெட்டை.

இங்கேதான் எங்கள் ஆட்களின் புத்தியைச் சொல்ல வேண்டும். மனுஷ வீட்டில் வரிசையாக நாலு பெண் பிறந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற சனம், கோழி வீட்டில் பெட்டை விழுந்தால் பாயாசம் வைக்கும். சேவல் குஞ்சு என்றால் கறிக்குத்தான் ஆகும், பெட்டை என்றால் முட்டை, குஞ்சு, வம்சம். முப்பத்தாறும் பெட்டை என்றால் அது ராசியான சேவல். பெட்டை விழுகிற சேவல் என்று பத்து ஊருக்குப் பேச்சு பரவியது.

முதலில் வந்தது எதிர்வீட்டுப் பொன்மணி. ரெண்டு வருஷமாக முகம் பார்க்காதவள், கூடையோடு வந்து நின்று, "மதினி, சேவலை ஒரு வாரம் விடேன்," என்றாள். மதினி ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. தூக்கிக் கொடுத்தாள். அடுத்து மேலத்தெரு, அடுத்து சங்கிலிப்பட்டி, அடுத்து கரட்டூர். சேவலுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ளை இந்த வாரம் எந்த வீட்டுல?" என்று கேட்பதும், போகிற வீட்டில் கம்பும் பொட்டுக்கடலையுமாக விருந்து வைப்பதும், ஒரே கூத்து. போன இடத்திலெல்லாம் பெட்டை. மதினிக்குக் கல்யாணப் பத்திரிகை வர ஆரம்பித்தது. குழாயடியில் மற்ற பொம்பளைகள் அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். அவள் சிரிக்கும்போது பல் தெரிவதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. போன மாதம் கம்பெனியின் முட்டை டெப்போவில் குளிர் அறை பழுது என்று கூப்பிட்டார்கள். அங்கே கோழி டாக்டராக இருந்த பெண்ணின் பெயர் எஸ்தர். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய், தூக்கம் கெட்ட முகம். வேலை முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"டாக்டரம்மா, ஒங்க கம்பெனி முட்டைல நான் சேவல் பொரிச்சிருக்கேன் தெரியுமா?"

அவள் ஆச்சரியப்படவில்லை. கேஸ் போடுவேன் என்று மிரட்டவும் இல்லை. "எந்த ஊர்ண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். அவள் சுவரில் இருந்த திரையைத் தட்டினாள். எங்கள் மலையடிவாரத்து மேப் வந்தது. ஊத்தாம்பாறை, சங்கிலிப்பட்டி, கரட்டூர் எல்லாம் மஞ்சளாக இருந்தன. மஞ்சளைச் சுற்றிலும் மஞ்சள். மலைக்கு மேலே மேல்காடு மட்டும் வெள்ளை.

"அது ஒங்க சேவல்தானா," என்றாள். "எந்தக் கடைப் பெட்டின்னு எங்களுக்குத் தெரியல. இந்த ஊர் கோழியோட எச்சத்த டெஸ்ட் பண்ணிக் கலர் மட்டும் போட்டோம்."

"என்னத்துக்குக் கலரு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, உயிர் முட்டைய யாரும் திங்கிறதில்ல. திங்கிறதுக்காக நாங்க போடவும் இல்ல. அத வாங்கி வீட்டுல பொரிக்கிறது யாரு? சொந்தக் கோழி வச்சுக்கிட்டு சேவல் இல்லாம தவிக்கிறவங்க. நாப்பது பெட்டிக்கு ஒரு பெட்டியில, மூணாம் நாள் நிக்காத சேவல் முட்டை ஒண்ணு வைப்போம். வேணும்னுதான் வைக்கிறோம்."

"வேணும்னா?"

"அந்தச் சேவலுக்குப் பொறக்குற சேவல் கரு எல்லாம் ஓட்டுக்குள்ளயே செத்துரும். பெட்டை மட்டும் பொரிக்கும். அந்தப் பெட்டை வேற எந்தச் சேவலோட சேர்ந்தாலும் அதே கததான், அது மகளுக்கும் அதே கததான். நாலு தலமுறைல அந்த ஊர்ல சேவலே இருக்காது. அப்புறம் குஞ்சுக்கு எங்ககிட்டதான் வரணும், வருஷா வருஷம்."

"இது கொல இல்லையா?"

"ஒரு கோழியைக்கூட நாங்க கொல்லலையேண்ணே," என்றாள் எஸ்தர். கேலியாகச் சொல்லவில்லை, இதையே அவளும் பல நாள் தன்னிடம் சொல்லிப் பார்த்திருப்பாள் போல. "வீட்டுக் கோழிலேருந்துதான் பறவைக் காய்ச்சல் கெளம்புதுன்னு அரசாங்கம் பத்து வருஷமா சொல்லிச்சு. வீடு வீடாப் போய்ப் பிடிக்க முடியுமா? கல்லு எடுத்து அடிப்பாங்க. இப்படின்னா நீங்களே தூக்கிக்கிட்டுப் போய் வீடு வீடா விடுறீங்க. சேவலக் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டீங்க, காசும் வாங்க மாட்டீங்க, பெட்டையா விழுந்தா கொண்டாடுவீங்க. இந்தப் பழக்கம் எல்லாத்தையும் ஊர் ஊரா ஆள் விட்டு விசாரிச்சு எழுதிட்டுத்தான் செஞ்சாங்க. அந்த ஆள்ல நானும் ஒருத்தி."

"மாத்த முடியாதா?"

"மஞ்சளானது ஆனதுதான். ஒங்க மதினியோட பழைய பெட்டை ஏழும் நல்லதுதான், ஆனா அதுக்குச் சேரச் சுத்தமான சேவல் வேணும். அது இப்ப மேல்காட்டுல மட்டும்தான் இருக்கு. ஒங்க சேவல் அங்க போகாம இருந்தா, அந்த வித்து தப்பும்." திரையை அணைத்தாள். "நான் சொன்னத ஊர்ல போய்ச் சொல்லுங்க. நான் வேலைய விட்டுட்டேன், இந்த வாரம்தான் கடைசி. ஆனா யாரும் நம்ப மாட்டாங்கண்ணே. பெட்டையா விழுற சேவல வேணாம்னு எவன் சொல்லுவான்?"

டூல் பையை எடுத்துக்கொண்டு நேராக ஊத்தாம்பாறைக்கு வண்டியை விட்டேன். பகல் மூன்று மணி. மதினி வாசலில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கூரை நிழலில் நின்று ஒற்றைக் காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை முறத்தை அவள் நிறுத்தவில்லை.

"இந்த முப்பத்தாறும் பாழா?" என்றாள்.

"முட்டை இடும். வம்சம் விடாது."

"பொன்மணி வீட்டுது? கரட்டூருது?"

"எல்லாம்."

"ஊருக்குள்ள சேவலே இருக்காது."

"இருக்காது மதினி. மேல்காட்டுக்கு மட்டும் போகாமப் பார்த்துக்கிட்டா, அங்கேருந்து ஒரு நல்ல சேவலக் கேட்டு வாங்கி ஒன் பழைய பெட்டையோட சேர்த்து, மறுபடியும் ஆரம்பிக்கலாம். ஊர்ல சொல்லிருவோம். நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் கழிச்சலைக் கொண்டாந்தவ, இன்னைக்கு வம்சத்தையே அழிச்சுட்டான்னா?"

"நீ என்ன செஞ்ச? நான்தானே பொரிச்சேன்."

"நீ தேனிக்குப் போயிருவ தம்பி. நான் இங்கதான் தண்ணி பிடிக்கணும்."

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "ரெண்டு வருஷம். ஒரு காய்ச்சல்னு படுத்தா எட்டிப் பார்க்க நாதி கிடையாது. செத்துக் கெடந்தா நாறித்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப நாலு பேரு வந்து உக்காந்து பேசுறாங்க. கோழி போனா போகட்டும். கம்பெனியில வாங்கிக்குவாங்க, எல்லா ஊர்லயும் வாங்கலையா? என்னால மறுபடியும் அந்த நோய் வீட்டுக்காரியா இருக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாத."

"சரி, மேல்காட்டுக்கு மட்டுமாவது குடுக்காத."

"கேட்டா எப்படி இல்லன்னு சொல்றது?" என்றாள் மதினி.

பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்க ஆள் வந்துவிட்டது. குருவம்மா மேல்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள், தலையில் மூங்கில் கூடை. படலைத் திறக்காமல் அனுப்பிய அதே குருவம்மா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆத்தா சிவரஞ்சனி, அன்னைக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காத. ஒரு மாசம் மாப்பிள்ளைய எங்களுக்கு விடு," என்றாள்.

மதினி எழுந்து உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குருவம்மா அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தாள். அதைப் பார்த்தபடியே நின்ற மதினியின் முகத்தை என்னவென்று சொல்வது. அப்புறம் மதினி சேவலைப் பிடித்து, இறக்கையைத் தடவி, கூடைக்குள் விட்டு மூடினாள். "தம்பி பைக்ல மலையேறுற எடம் வரைக்கும் கொண்டுபோய் விடுவான், வெயில்ல நடக்காதீங்க," என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, வெறும் பார்வை. நான் வண்டியை எடுத்தேன்.

மூன்று கிலோமீட்டர் மண் பாதை. பின்னால் குருவம்மா, அவள் மடியில் கூடை. ஒவ்வொரு குழியிலும் சேவல் உள்ளே கொக்கரிக்கிறது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மதினி முகத்தில் முழிக்க முடியாது, பரவாயில்லை. முப்பது வீடாவது தப்பட்டும், ஒரு இடத்திலாவது சேவல் கூவட்டும். ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். திரும்பி, "பெரியம்மா, ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்ப்பா," என்றாள் அவள் சந்தோஷமாக. "வார ஞாயித்துக்கெழமை ஒங்க மதினியக் கூட்டிக்கிட்டு நீ மேல்காட்டுக்கு வரணும். இன்னைக்கே கூப்பிட்டிருப்பேன், கறி தீந்துபோச்சு."

"என்ன கறி?"

"எங்க சேவல் நாலையும் முந்தாநாத்து அறுத்துட்டோம்ல. சின்னச் சேவக்குஞ்சுகளையும் விடல. ரெண்டு சேவல் ஒரு எடத்துல இருந்தா அடிச்சுக்கிட்டுச் சாகும், மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தா நான் ஒங்க மதினிக்குப் பதில் சொல்ல முடியுமா? ஊரே கூடி ஆக்கித் தின்னோம். சரி, நீ என்னமோ சொல்லணும்னியே?"

ஓடையில் தண்ணீர் இல்லை. எதிரே மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"ஒண்ணுமில்ல பெரியம்மா," என்றேன். "கூடையக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க, பாதை மோசம்."

வண்டியை உதைத்துக் கிளப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், ஆத்திரமாவது வந்திருக்க வேண்டும். இனி நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி.